பதினொரு நொடி நிரூபணம்

கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். அந்தக் கடிதமோ மூன்று நாளாக அவள் மேசைமேல் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது. கோப்பையின் வட்டக் கறை அதில் இரண்டு முறை பதிந்துவிட்டது. கடிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம்: "எங்கள் மருந்தேற்றும் பம்பு, நிறுத்தும்படி கட்டளை பெற்ற பிறகும் மருந்தைச் செலுத்துவது இயலாத காரியம் என்று கணித முறைப்படி நிரூபிக்கப்பட்டுள்ளது." கீழே அவள் பெயர்; அதற்கும் கீழே அவள் பதவி, தலைமை மென்பொருள் சரிபார்ப்பு அறிஞர். வியாழக்கிழமை காலைக்குள் அது மருத்துவமனையின் விசாரணைக் குழுவிடம் போய்ச் சேர வேண்டும்.

விசாரணை ஒரு செவிலியின்மேல். நோயாளி ஒருவருக்கு வலி மருந்து அளவுக்கு மீறி ஏறி, மூச்சு அடங்கி, இரண்டு நாள் எமனோடு மல்லுக்கட்டிப் பிழைத்தார். பம்பை நிறுத்தாமல் விட்டவர் செவிலி என்பது குற்றச்சாட்டு. கடிதம் போனால் அவருடைய பதினேழு வருட வேலையும், இனி எங்கும் செவிலியாகப் பணிபுரியும் உரிமையும் ஒருசேரப் போகும். அந்தச் செவிலி, அறிஞரின் உடன்பிறந்த ஒரே தங்கை.

இது மேலாளருக்கும் தெரியும். தெரிந்தேதான் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"அதனாலதான் மேடம் உங்க கையெழுத்துக்கு எடை அதிகம். சொந்தத் தங்கச்சின்னுகூடப் பார்க்காம உண்மையைச் சொல்லிட்டாங்கன்னு குழுவே அசந்துபோகும்" என்று, பாராட்டுப் பத்திரம் வாசிப்பவர்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அன்று இரண்டும் சிவந்தன. ஆனால் உள்ளதைச் சொன்னால், நான்கு மாதமாக அவளுடைய கோபமெல்லாம் மேலாளர்மேல் அன்று, தங்கைமேல்தான் இருந்தது.

இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள்; அக்காள் கீழ்த்தளம், தங்கை மேல்தளம். சண்டை நடந்தது நடுவிலிருந்த மாடிப்படியில். நோயாளியைத் தீவிரச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று, சீருடையைக்கூடக் கழற்றாமல் தங்கை வந்து நின்றாள்.

"நான் நிறுத்தினேன்க்கா. 'நிறுத்தப்பட்டது'ன்னு திரையில வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் பக்கத்துப் படுக்கைக்குப் போனேன். திரும்பி வந்தா மருந்து இறங்கிட்டே இருக்கு. அதுவும் முன்னைவிட வேகமா!"

"இறங்க முடியாது. நான் நிரூபிச்சிருக்கேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னா சொன்னேன்? பதற்றத்துல வேற எதையாவது தொட்டிருப்ப."

"பதினேழு வருஷமா வார்டுல நிக்கிறேன். எதைத் தொட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"உன் ஞாபகம் பிசகலாம்டி. என் நிரூபணம் பிசகாது."

மறுநாள் தங்கை, மொட்டை மாடியில் இருவரும் பொதுவாகப் பயன்படுத்திய துணிக்கொடியை நடுவில் அறுத்துத் தனக்கென்று வேறொரு கொடி கட்டிக்கொண்டாள். அறுந்த பாதியில் அக்காளின் போர்வைகள் தரையைத் தொட்டுத் தொங்கின. ஒரு சொல்லும் இல்லாமல் இப்படி ஒரு திட்டுத் திட்ட அவளால்தான் முடியும்.

அக்காளின் அந்த உறுதி ஒரே நாளில் முளைத்ததன்று. இருபத்து மூன்று ஆண்டுக்கால வளர்ப்பு அது. நிரல் எழுதுகிறவர்கள் ஆயிரம் உண்டு. எழுதியதை ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கிறவர்கள் நூறு உண்டு. எப்படி ஓட்டினாலும் இந்தப் பிழை வராது என்று கணக்கால் நிரூபிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவள் அந்த விரல்களில் ஒருத்தி. முதல் வேலையாக ஒரு நாற்சந்தியின் போக்குவரத்து விளக்குகளைச் சரிபார்த்தாள். குறுக்கும் நெடுக்கும் ஒரே நேரத்தில் பச்சை எரியாது என்று நிரூபித்த பிறகு, அந்தச் சந்தியைத் திரும்பிப் பாராமலே கடக்கத் தொடங்கினாள். "அக்கா, விளக்கு சரியா எரியும், லாரிக்காரன் அதைப் பார்ப்பானா?" என்று கையைப் பிடித்து இழுத்தவள் தங்கைதான். லாரி இருவருடைய மூக்குக்கும் முன்னால் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் பத்து வருடம் சிரித்திருக்கிறார்கள். ஆனால் சிரித்த பிறகு, சிரிக்கவைத்ததைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனா மேடம்' என்று பெயர். யார் எதை முடிந்தது என்று சொன்னாலும், "சரி, ஆனா..." என்று தொடங்குவாள். அந்த 'ஆனா'வுக்குப் பயந்தே அவள் இருக்கும் கூட்டங்களைப் பலர் சீக்கிரமாக முடித்துவிடுவார்கள்.

அவள் தொழிலின் சூட்சுமம் ஒரு கதையில் அடங்கும். ஒரு காட்டில் ஆற்றுக்குக் குறுக்கே மூங்கில் பாலம் கட்டினார்கள். அதைச் சோதிக்க ஆமையை அமர்த்தினார்கள். ஆமை மூன்று நாள் நடந்து, ஒவ்வொரு கணுவையும் தட்டிப் பார்த்து, "என்னைவிடக் கனமானவர் ஏறாத வரையில் இந்தப் பாலம் உடையாது" என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதை அறிவிக்கப் போன நரிக்கு வாய் வலித்ததோ என்னவோ, பின்பாதியை மட்டும் முழங்கிற்று: "இந்தப் பாலம் உடையாது!" மறுநாள் ஆற்றில் விழுந்து நனைந்து கரையேறிய யானை முதலில் தேடியது ஆமையைத்தான்.

நிரூபணம் எதுவானாலும் அதற்கு முன்னால் இப்படி ஒரு 'வரையில்' உண்டு. பள்ளிக்கூடத்து வடிவகணிதத்தில் 'என்று கொள்க' என்று எழுதுவோமே, அதுதான். எடுகோள் என்று பெயர். எடுகோள்களையும் நிரலையும் சேர்த்து ஒரு கணினியிடம் கொடுத்தால், அது எல்லா வழிகளையும் அலசி, நிரூபணம் நின்றால் பச்சைக் குறி காட்டும். இல்லையென்றால் சிவப்புக் குறி காட்டி, எங்கே உடைகிறது என்று படிப்படியாகச் சொல்லும். நரிகள் எடுகோளை மறைக்கும் என்பது அக்காளுக்குத் தெரியும். அதனால் பம்பின் முப்பத்தெட்டு எடுகோள்களையும் ஒவ்வொரு சான்றிதழிலும் அச்சிட்டே கொடுப்பாள்.

புதன்கிழமை காலை, சரி, கையெழுத்துப் போட்டுத் தொலைப்போம் என்று பேனாவை எடுத்தாள். எடுத்தவள், 'ஆனா' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெறும் கடிதம் எதற்கு? நிரூபணத்தை மீண்டும் ஓட்டி, அச்செடுத்து, அதையும் இணைத்து அனுப்பினால் தங்கை வாய் திறக்க முடியாதல்லவா? கோபத்திலும் ஒழுங்கு தவறாத பெண் அவள். பொத்தானைத் தட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் பச்சைக் குறி வந்துவிட்டது.

பதினொரு நொடி.

மூன்று ஆண்டுக்கு முன்பும் இதே பதினொரு நொடிதான். அதற்கு முந்தைய பம்புக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்தப் பம்பைச் சோதித்த அந்த வாரம்தான் புதிய பெரிய கணினி வந்திருந்தது. அதன் வேகம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். இன்று, கழுவாத கோப்பையோடு நின்றபடி, அந்தக் கைதட்டலை நினைத்துப் பார்த்தாள். கணினி எவ்வளவுதான் வேகமானாலும், முக்கால் மணி பதினொரு நொடியாகுமா?

அவள் உட்கார்ந்தாள். நிரூபிக்க வேண்டிய கூற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கலப்படமற்ற பொய்யை எழுதினாள்: இரண்டும் மூன்றும் சமம்.

பச்சைக் குறி. நிரூபிக்கப்பட்டது.

ஒரு நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இரவில் வேட்டையாடலாம் என்று ஒரு வரியும், இரவில் வேட்டையாடவே கூடாது என்று இன்னொரு வரியும் இருந்தால், அங்கே நீதிபதியாக இருக்கும் ஆந்தைக்கு வேலை மிகவும் எளிது. யார் வந்து எதைக் கேட்டாலும், 'சட்டப்படி சரி' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். அவளுடைய முப்பத்தெட்டு எடுகோள்களுக்குள் அப்படி இரண்டு வரிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. கணினி மூன்றாண்டாகப் பம்பைச் சோதிக்கவே இல்லை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறது.

அரை மணியில் இரண்டு வரிகளையும் பிடித்துவிட்டாள். பம்பை நிறுத்தும் கட்டளையையும் அதன் வேகத்தைக் கூட்டும் கட்டளையையும் பற்றியவை இரண்டும். ஒன்பதாவது எடுகோள்: 'நிறுத்து, வேகம் ஆகிய இரண்டும் ஒரே கணத்தில் இயக்கப்படமாட்டா.' முப்பத்தெட்டாவது எடுகோள்: 'நிறுத்து, வேகம் ஆகிய இரண்டும் ஒரே கணத்தில் இயக்கப்படும் தருணமும் உண்டு.'

காது மடல் நெருப்பாயிற்று. எழுந்து, அடுத்த மேசையிலிருந்த குள்ளக் கண்ணாடிக்காரரிடம் போனாள். எடுகோள் கோப்பைத் தொடும் உரிமை அலுவலகத்தில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான்.

"முட்டாள்கூட இப்படிச் செய்யமாட்டான்! ஒன்பதும் முப்பத்தெட்டும் அடிச்சுக்குதே, கண்ணுல என்ன சார் இருக்கு? கண்ணாடி எதுக்கு, மூக்குக்கு அழகுக்கா?"

கண்ணாடிக்காரர் நிதானமான மனிதர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "திட்டுங்க மேடம், கேட்டுக்கிறேன். ஆனா யாரு எழுதினதுன்னு பார்த்துட்டுத் திட்டுங்க. அப்புறம் வாங்கின திட்டைத் திருப்பித் தர எனக்குத் தெரியாது."

அவள் அந்த இடத்திலேயே குனிந்து மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வரியையும் யார், என்று, ஏன் எழுதினார் என்பது அதில் அழியாமல் இருக்கும்.

ஒன்பதாவது வரி: அவள் பெயர். ஐந்து ஆண்டுக்கு முன். காரணம்: 'பழைய பம்பில் ஒரே திருகுக் குமிழ்தான், இரண்டும் சேர வழியில்லை.'

முப்பத்தெட்டாவது வரி: அவள் பெயர். மூன்று ஆண்டுக்கு முன். காரணம்: 'புதிய பம்பில் தொடுதிரை, விரலும் உள்ளங்கை ஓரமும் சேர்ந்து படலாம். விட்டுவிடக் கூடாது.'

கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எழுதிய வரி அது. புதியதை எழுதியவள் பழையதை அழிக்க மறந்தாள். கவனமில்லாதவன் முப்பத்தெட்டாவது வரியை எழுதியே இருக்கமாட்டான். பழையதை அழித்திருந்தால் பம்பின் பிழை அன்றே கணினியின் கண்ணில் பட்டிருக்கும்.

"மன்னிச்சிடுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்கும்போதும் அவள் குரல் திட்டுவதுபோலவே இருந்தது.

"நானும் மூணு வருஷமா அதைப் படிச்சுட்டுத்தானே இருக்கேன்" என்றார் கண்ணாடிக்காரர், காதிலிருந்த பென்சிலை எடுத்து வெறுமனே பார்த்தபடி. "திட்டுல பாதி எனக்கு வெச்சுக்கிறேன், விடுங்க."

ஒன்பதாவது வரியை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினாள். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. கணினி இப்போதுதான் உண்மையில் வேலை செய்தது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் சிவப்புக் குறி விழுந்தது. கீழே ஐந்து படிகள்: பம்பு ஓடுகிறது. 'நிறுத்து', 'வேகம்' இரண்டும் ஒருசேரத் தொடப்படுகின்றன. திரை 'நிறுத்தப்பட்டது' என்கிறது. வேகம் உயர்கிறது. மருந்து இறங்குகிறது.

மாடிப்படியில் தங்கை சொன்னதும் அதேதான், வரிசைகூட மாறவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவள் கீழ்த்தளத்தில் நிம்மதியாகத் தூங்க, பழி மேல்தளத்தில் நான்கு மாதமாக விழித்துக் கிடந்தது.

மேலாளர் சிவப்புக் குறியைப் பார்த்தார். பிறகு எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"சரி மேடம். அடுத்த பதிப்புல திருத்திடலாம். சத்தமில்லாம முடிச்சிடலாம்."

"நாலாயிரம் பம்பு வார்டுகள்ல ஓடிட்டிருக்கு."

"நாலாயிரத்துல ஒண்ணுதானே தகராறு பண்ணியிருக்கு?"

"நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு. மத்த இடத்துலல்லாம் எத்தனை நர்ஸுங்களை நிக்கவெச்சுக் கேள்வி கேட்டாங்களோ, யாருக்குத் தெரியும்?"

மேலாளர் குரலைத் தேனில் தோய்த்தார். "இங்க பாருங்க, ஆனைக்கும் அடி சறுக்கும். இருபத்து மூணு வருஷப் பேரு உங்களுது. ரெண்டு வரியும் நீங்க எழுதினது. நாளைக்கு இது வெளியில வந்தா, சந்தி சிரிக்கப் போறது என் பேரா? உங்க பேருதான்."

"ஆனை சறுக்கினா ஆனைக்கா சார் அடிபடும்? அடியில நிக்கிறவங்கதான் சாவாங்க." அவள் மேசைமேல் கையை ஊன்றினாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதாக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஒரு மனுஷியையே மறைக்கச் சொல்றீங்க."

"கோபத்துல பேசறீங்க."

"ஆமா! கோபத்துலதான் பேசறேன். நாலு மாசமா தப்பான ஆள்மேல பட்ட கோபம். இப்பதான் சரியான வீட்டுக் கதவைத் தட்டுது."

"கம்பெனி உங்களைச் சும்மா விடாது. உங்களுக்கு அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெற அதிகாரமே இல்லை."

"இருக்கு. கையெழுத்துப் போட்டவர் எப்ப வேணும்னாலும் திரும்பப் பெறலாம். நம்ம விதிப் புத்தகம், நாலாம் பக்கம். அதை எழுதினதும் நான்தான்; அதுலயாவது தப்பில்லை, சரிபார்த்துட்டேன்."

கறை பிடித்த கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகிலேயே சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். கண்ணாடிக்காரர் கேட்காமலே இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் மாடிப்படி ஏறினாள். பதினெட்டுப் படி. தங்கை கதவைச் சங்கிலியோடு திறந்தாள். இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"என்ன? இன்னும் ஏதாவது நிரூபிக்கணுமா?"

"நீ சொன்னதுதான் சரி. ரெண்டும் சேர்ந்து பட்டா திரை நின்னதாச் சொல்லும், மருந்து போகும். தப்பு பம்புல. அது என் கண்ணுல படாம மறைச்சது நானே எழுதின ஒரு வரி."

சங்கிலி விலகவில்லை.

"இதைச் சொல்ல உனக்கு நாலு மாசமாச்சு."

"இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"இன்னிக்குத்தான் பார்த்தியா?" தங்கையின் குரல் எண்ணெயிலிட்ட கடுகாய் வெடித்தது. "நான் வந்து சொன்ன அன்னிக்கு ஏன் பார்க்கலை? யாரு 'முடிஞ்சது'ன்னு சொன்னாலும் 'ஆனா, ஆனா'ன்னு கேப்பியே. ஊருக்கெல்லாம் ஒரு 'ஆனா' வெச்சிருந்த. எனக்குன்னு ஒண்ணு இல்லாமப் போச்சா உங்கிட்ட?"

இருபத்து மூன்று ஆண்டில் முதல் முறையாக, மறுப்பதற்கு ஓட்டைகூட இல்லாத ஒரு கூற்றை அக்காள் கேட்டாள்.

"மன்னிச்..."

"அதை எங்கிட்டச் சொல்லாத. நாளைக்கு அங்க வந்து சொல்லு." கதவு சாத்திக்கொண்டது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "பத்து மணிக்கு. மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்" என்று குரல் மட்டும் வந்தது.

விசாரணை அறையில் நீளமான மேசை ஒன்று. தலைவர் ஓய்வு பெறும் வயதிலிருந்த அறுவை மருத்துவர். அவருக்கு வலப்புறம் நிறுவனத்தின் வக்கீல். இடப்புறம், தனி நாற்காலியில் தங்கை. மேசை நடுவில் அந்தப் பம்பே நின்றது. கம்பியில் உப்புநீர்ப் பை, அதிலிருந்து குழாய் பம்புக்குள் போய் வெளியே வந்து ஒரு கண்ணாடிக் குவளைக்குள் தொங்கிற்று. பம்பு எவ்வளவு ஒழுங்கானது என்று காட்டுவதற்காக வக்கீல் கொண்டுவந்து வைத்தது.

அக்காளைக் கண்டதும் வக்கீலின் முகம் மலர்ந்தது. மேலாளர் அவருக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை போலும். "கணித முறைப்படி நிரூபித்த அறிஞரே நேரில் வந்திருக்காங்க!" என்றார்.

"வந்திருக்கேன். இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். நிறுவன முத்திரை பதித்த தாள்.

வக்கீல் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "இரண்டும் மூன்றும் சமம். நிரூபிக்கப்பட்டது." மறுபடி மனத்துக்குள் வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மேசையின் கோடியில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"பம்பு தப்புப் பண்ணாதுன்னு நிரூபிச்ச அதே கணினி, அதே எடுகோள். அது எதைக் கேட்டாலும் ஆமாம்னு சொல்லும். அப்படி ஆக்கினது நான். என் சான்றிதழைத் திரும்பப் பெறுறேன். இவங்க சொன்னதெல்லாம் நிஜம். நான்தான் அவங்க ஞாபகத்தைச் சந்தேகப்பட்டேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "காகிதம் இருக்கட்டும். காட்ட முடியுமா?"

அக்காள் பம்பின் பக்கம் கையை நீட்டினாள். அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"நீ தொடாத. இது என் வேலை."

பம்பை ஓடவிட்டாள். குவளையில் சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினேழு வருடம் பழகிய கை, நிறுத்து என்ற கட்டத்தை விரலால் தொட்டது. உள்ளங்கை ஓரம் வேகம் என்ற கட்டத்தின்மேல் பட்டது. திரையில் பெரிய எழுத்தில் வந்தது: நிறுத்தப்பட்டது.

அறையில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். தங்கை குவளையைக் காட்டினாள். சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. முன்னைவிட நெருக்கமாக, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு விழுந்தன.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவரைப் பார்க்கவே இல்லை. அக்காள் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"எண்ணுக்கா."

"என்ன?"

"அன்னிக்கு நான் திரும்பி வர்ற வரைக்கும் எத்தனை சொட்டு இறங்குச்சோ எனக்குத் தெரியாது. எண்ண யாருமில்லை. இப்ப நீ இருக்க. எண்ணு. சத்தமா."

அக்காள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதில் தலைவர் தொலைபேசியை எடுத்து, "எல்லா வார்டுலயும் அந்தப் பம்பைக் கழற்றச் சொல்லுங்க. இப்பவே. இந்தம்மாமேல இருக்கற குற்றச்சாட்டையும் எடுத்துடுங்க" என்றார். முப்பதில் வக்கீல் தம் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். முடிந்தது என்று நினைத்து அக்காள் நிறுத்தினாள்.

தங்கை பையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

"பம்பு நின்னுடுச்சா?" என்று கேட்டாள்.

"நிக்கலை."

"அப்ப நீ ஏன் நிறுத்தின?"

அக்காள் நாற்காலியை இழுத்துக் குவளைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. தங்கை பக்கத்தில் நின்றபடி, வார்டில் நிற்பதுபோல, ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் ஒரு கண்ணைச் சொட்டிலும் வைத்திருந்தாள்.